மயிலைத் திருப்பிப் போட்டவள்

புது டிவிடிப் பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளை நகத்தால் கீறிப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருகிறது. நமக்குப் பழக்கமில்லாத வாசனை. மையும் மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த அச்சக வாசனைக்குள் உட்கார்ந்து நாம் எத்தனையோ படம் பார்த்திருக்கிறோம். ஒரு படத்துக்குச் சொந்தமாகவும் ஒரு வாசனை இருக்கும் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. மதுரையில் ஒரு கடையில் வாங்கினேன். பில் போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ஏ புள்ள, சைரன் படத்துக்குப் பில்லு போடுறாகடி!" என்று கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்திருப்பாய்.

ஆமாம், அந்தப் படம்தான். வந்துவிட்டது.

இப்போது மேசையில் இரண்டு டிவிடித் தட்டுகள் இருக்கின்றன. ஒன்று பெட்டிக்குள் புதிதாக மின்னுகிறது. இன்னொன்று உன்னுடையது. அச்சில் கழித்த வேஸ்ட் ஷீட்டில் நீ மடித்த உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் பாதி மயில், தோகை ஒரு பக்கம் மட்டும் அச்சான மயில். புதியது கடைக்கு வந்த நாளில் பழையதை உடைத்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். நான் இன்னும் உடைக்கவில்லை. அதைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் அந்த அச்சகத்தில் சேர்ந்த முதல் வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மல்லாங்கிணறுப் பக்கத்திலிருந்து விருதுநகர் வந்து, அங்கே பஸ் மாறி சிவகாசி வருவேன். யாரிடமும் பேச வராது. டிசைன் பிரிவில் உனக்கு அடுத்த கம்ப்யூட்டர் எனக்கு. சின்னப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து, பெரிய கம்பெனியின் மத்தாப்புப் பெட்டியை என் மேசையில் வைத்தார். "இதே மாதிரி வேணும், ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது" என்றார். நான் விழித்தேன். நீ உன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, பெட்டியில் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மயிலை ஒரே சொடுக்கில் இடது பக்கம் பார்க்க வைத்தாய்.

"திருப்பிப் போட்டா அது நம்ம மயிலு. இம்புட்டுதேன் வேல" என்றாய்.

அந்த ஊரில் எல்லோரும் செய்ததுதான். வடக்கே விற்கும் வியாபாரிக்கு நம் எழுத்துத் தெரியாது, படம்தான் தெரியும். அதனால் ஓடுகிற பெட்டியின் படத்தை ஓடாத பெட்டி பின்தொடரும். மயில் திரும்பும். கிளியின் மூக்கில் நிறம் மாறும். புலி எதற்காகவோ இன்னொரு கல்லின் மேல் ஏறி நிற்கும். வெளிநாட்டு நடிகர் ஒருவரின் முகத்தைப் புஸ்வாணப் பெட்டியில் போட்ட அன்று நீ என்னிடம் மெதுவாகக் கேட்டாய். "இவன் மூஞ்சிய வச்சு நாம வெடி விக்கிறது இவனுக்குத் தெரியுமாடி?" முதலாளி காதில் விழுந்துவிட்டது. "சாமி படம் போடுறமே, அதுக்கு யாருகிட்டப் போயி உரிமை கேட்டோம்? வேலயப் பாருங்க" என்றார். நீ வேலையைப் பார்த்தாய். ஆனால் கேள்வியை விடவில்லை. அதுதான் உன் குணம். ஊர் முழுவதும் செய்யும் ஒன்றை நீயும் செய்வாய், செய்துகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய்.

காலண்டர் வேலையும் முடிந்து, பொங்கலுக்குப் பின் அச்சகம் ஓய்ந்து கிடக்கும் மாதங்கள்தான் நம் படக் காலம். சென்னையில் ஒரு வீடியோ நூலகத்தில் வேலை பார்த்த உன் அண்ணன், வாடகைக்குப் போகாத வெளிநாட்டுப் படங்களை லாரி பார்சலில் அனுப்புவார். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியாக வேண்டும். டிசைனைத் தட்டில் எழுதிக் கொடுப்பதற்காக அச்சகத்தில் இருந்த கம்ப்யூட்டரில் நீ அவற்றைப் பிரதி எடுப்பாய். தட்டு மட்டும் உன் சொந்தக் காசு. கம்பெனித் தட்டை ஒருநாளும் தொட்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பனி பெய்யும் ஊர்களைப் பார்த்தோம். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு உறுத்தல் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "இது திருட்டு இல்லையா?"

நீ கோபப்படவில்லை. ஊறுகாயை நக்கிக்கொண்டே யோசித்தாய். "படத்தக் கொண்டாந்து இங்கன ஒரு கடையப் போடச் சொல்லு. நான்தேன் மொத ஆளா நிப்பேன். கடையே போடாதவன்கிட்ட எப்படித் திருட முடியும்?"

"தோட்டக்காரன் ஊருல இல்லேன்னா மாங்கா பறிக்கலாமா?"

"பறிச்சா மரத்துல மாங்கா கொறையும். இதுல என்ன கொறஞ்சது?"

"மயிலத் திருப்பிப் போட்டப்ப மயிலும் கொறையலையே. அப்புறம் ஏன் அந்தப் பெரிய கம்பெனிக்காரரு வந்து முதலாளிகிட்ட அம்புட்டுக் கத்துனாரு?"

நீ கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு, "நீ பேச மாட்டேன்னுல்லா நெனச்சேன்" என்றாய். அன்றுதான் நாம் சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் நீயே ஒரு விதியோடு வந்தாய். நம் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காத படத்தை மட்டும்தான் பிரதி எடுக்க வேண்டும். விற்கக் கூடாது. என்றைக்கு அது கடைக்கு வருகிறதோ அன்றைக்கு நம் தட்டை உடைத்துவிட வேண்டும். சொன்னபடி ஒன்றை உடைக்கவும் செய்தாய். மதுரையில் ஒரு படம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அச்சக வாசலில் முழங்காலில் வைத்து மடக்கி உடைத்தாய். துண்டுகளை டீக்கடைக்காரர் வாங்கி முருங்கை மரத்தில் காக்காய் விரட்டத் தொங்கவிட்டார். போகிற வருகிறவர்கள் கண்ணிலெல்லாம் அது பளிச்சென்று அடித்தது.

அப்புறம்தான் சைரன் படம் வந்தது.

பெயர் நம் வாயில் நுழையவில்லை. எந்த நாடு என்றுகூட உறையிலிருந்து தெரியவில்லை. கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை மூடுகிறார்கள். அங்கே ஆயுள் முழுவதும் வேலை பார்த்த ஒரு பெண், கடைசி நாளில் கூரையில் ஏறி ஆலைச் சைரனைக் கழற்றிப் பனிச்சறுக்கு வண்டியில் கட்டி வீட்டுக்கு இழுத்துப் போகிறாள். தன் வீட்டுக் கூரையில் மாட்டி, தினமும் காலையில் வேலை நேரத்துக்கு அடிக்கிறாள். வேலை இல்லாத ஊர் எழுந்து அவளைத் திட்டுகிறது. கடைசியில் அதிகாரிகள் வந்து சைரனைப் பறித்துப் போகிறார்கள். மறுநாள் காலை, அதே நேரத்துக்கு அவள் படுக்கையில் எழுந்து உட்காருகிறாள். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்கிறாள். படம் முடிகிறது.

பார்த்து முடித்ததும் நீ சொன்னாய். "இத எங்கம்மா பாக்கணும்."

உன் அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டினார். விடியும் முன்பே கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் விழித்துக்கொள்ளும். ஆனால் படத்தில் கீழே ஓடியது இங்கிலீஷ். அம்மாவுக்குத் தெரிந்தது அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த தமிழ்.

அந்த வருட ஓய்வு மாதங்கள் முழுவதும் நீ அதற்கே செலவழித்தாய். நான் இங்கிலீஷைச் சொல்வேன், நீ தமிழாக்குவாய். நான் சொன்னது நீளமாக இருந்தால், "அம்மா கூட்டிப் படிக்கங்குள்ள அவ ஆத்தத் தாண்டிப் போயிருவா, சுருக்குடி" என்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அம்மாவைப் படிக்கவைத்துப் பார்ப்பாய். அவர் விரல் வரியின் கடைசிக்கு வரும்வரை நீ மனதுக்குள் எண்ணுவாய். அந்த நேரம் திரையில் இல்லையென்றால் வார்த்தையை வெட்டுவாய். எழுத்துருவும் அப்படித்தான் வந்தது. ராக்கெட் பெட்டியில் போடும் அதே குண்டு எழுத்து, மஞ்சளில், சிவப்பு விளிம்போடு. படத்துக்கு இது பொருந்தவே இல்லை என்று சொன்னேன். "அம்மா பொழுதன்னைக்கும் ஒட்டுறது இந்த எழுத்ததான். இதுன்னா சட்டுனு வாசிச்சிரும்" என்றாய்.

சிக்கல் கடைசி வரியில் வந்தது. அண்ணன் அனுப்பிய தட்டே யாரோ எடுத்த பிரதி. அந்த ஒரு வரிக்கு மட்டும் கீழே இங்கிலீஷ் வரவில்லை. அவள் உதடு அசைகிறது, குரல் வருகிறது, அர்த்தம் வரவில்லை. ஒருநாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். "எல்லாம் போச்சு" என்று இருக்கும் என்றேன் நான். "என்னத்தையாவது திட்டுவா" என்றாய் நீ. கடைசியில் உன் அம்மாவிடம் போய் நின்றோம். அவர் கை முழுக்கப் பசை காய்ந்து கிடந்தது.

"அவ என்னம்மா சொல்லிருப்பா?"

"என்னத்தச் சொல்லுவா? 'நேரமாச்சு, எந்திரிங்க'ன்னுதேன் சொல்லுவா. சங்கப் புடுங்கிட்டுப் போயிட்டா நேரம் நின்னுருமா?"

அதையே போட்டோம்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டில் படம் போட்டபோது தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். கழுவியும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி போகாத விரல்கள். கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்தார்கள். ஒரு பெரியம்மா, "இவ எந்த ஊருக்காரி? நம்ம பேச்சு பேசுறா" என்று கேட்டார். கடைசி வரி வந்தபோது வீடே சேர்ந்து படித்தது. "நேரமாச்சு, எந்திரிங்க." யாரோ ஒருத்தி, "அதான, ஞாயித்துக்கெழம கூட விட மாட்டேங்கறாக" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ கதவருகில் நின்று அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சில மாதம் கழித்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு சிடி கடையின் டிவியில் மஞ்சள் எழுத்தைப் பார்த்தேன். சிவப்பு விளிம்பு. அந்தத் தெருவிலிருந்து யாரோ யாருக்கோ இரவல் கொடுத்த தட்டு, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் உன்னை அழைத்துப் போனேன். நீ வரும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தாய். நான் உனக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"அண்ணாச்சி, இது எங்கன வாங்குனீக?"

"ஏன் தாயி, ஒனக்கு வேணுமா? நல்ல படம். பொம்பளையாளுக நெறையக் கேக்காக."

"இதுல இருக்குற தமிழு நான் போட்டது."

கடைக்காரர் டிவியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நல்லாப் போட்டிருக்கியே தாயி. எங்க வீட்டம்மா கடைசியில அழுதுட்டா."

"நான் போட்டத எங்கிட்டக் கேக்காம நீங்க எப்படி விக்கலாம்?"

"நீ யாருகிட்டத் தாயி கேட்டே?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருந்தால் தானும் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர் ஒரு பெட்டியை எடுத்து உன் கையில் கொடுத்தார். 'சைரன் ராணி' என்று பெயர் வைத்திருந்தார். மேலட்டையில் அவள் பனியில் வண்டி இழுக்கும் படம். படத்தில் இடமிருந்து வலமாகப் போவாள். அட்டையில் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தாள். நீ முதலில் அதைப் பார்த்தாய். "மயிலத் திருப்பிப் போட்டிருக்கான்டி!" என்றாய். பிறகு பின்பக்கம் திருப்பினாய். யாரோ நம்மைப் போல ஒருத்தர், பழைய பட்டாசு லேபிள் ஒன்றின் மேலேயே அட்டையைச் செய்திருக்கிறார். கீழே இருந்த சின்ன எழுத்தை அழிக்க மறந்துவிட்டார். 'பெரியவர்கள் மேற்பார்வையில், திறந்த வெளியில் மட்டும் கொளுத்தவும்.'

நீ கடை வாசலில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். கடைக்காரர், "டிசைன மாத்திட்டோம்ல, ஒண்ணும் வராது" என்று நமக்குத் தைரியம் வேறு சொன்னார். உன் கோபமெல்லாம் அதோடு போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது அவர் சொன்னார்: "அந்தக் கடைசி வரி இருக்கு பாரு, 'நேரமாச்சு, எந்திரிங்க'. அத அந்த நாட்டுல எழுதுனவன் மகராசன். எங்க வீட்டுல காலையில அதச் சொல்லித்தேன் பிள்ளைகள எழுப்புறா."

உன் சிரிப்பு நின்றது.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் பஸ் போய்விட்டது. நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "படத்தக் காப்பியடிச்சது தப்பா சரியான்னு எனக்கு இன்னமும் தெரியல. ஆனா அவ வாயில நம்ம பேச்சப் போட்டுட்டமேடி. அவ வேற என்னமோ சொன்னா. நாம அதப் பறிச்சிட்டு, எங்கம்மா சொன்னத வச்சிட்டோம். இப்ப அது ஊரு ஊராப் போகுது. இதுக்கு யாருகிட்டப் போயிக் கேக்க?"

தோட்டத்தில் மாங்காய் குறையவில்லை என்று வாதாடியவள் நீ. அன்றைக்குக் குறைந்தது என்ன என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் சொன்ன ஒரு வரி குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு உனக்கு அதே ஞாபகம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படக் கம்பெனியின் முகவரியைத் தேடினோம். இங்கிலீஷில் எழுத வேண்டியது நான். என்ன எழுதுவது? அனுமதி கேட்பதா, மன்னிப்புக் கேட்பதா? நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: நாங்கள் உங்கள் படத்தைக் கேட்காமல் எடுத்துவிட்டோம், எங்கள் தெருவுக்கு மிகவும் பிடித்திருந்தது, தயவுசெய்து கடைசியில் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிவிக்கவும். இதைப் படித்தால் அவர்கள் போலீஸை அனுப்புவார்களா பதிலை அனுப்புவார்களா என்று கேட்டேன். "எத அனுப்புனாலும் அந்த வரியக் கேட்டுப்புடலாம்" என்றாய். எதுவும் வரவில்லை. அந்தக் குரலைத் தமிழ் எழுத்தில் எழுதி உன் அண்ணனுக்கு அனுப்பினாய். அவர் நூலகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பார்த்தார். ஒருவருக்கும் புரியவில்லை.

பிறகு உன் கால் வீங்கியது. முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். வாரத்தில் பாதி நாள் மதுரை ஆஸ்பத்திரி. மதியம் பார்வையாளர் நேரத்தில் வருவேன். என்ன பேசுவது என்று எனக்கு எப்போதும் தெரியாது. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மருமகளைப் பற்றி ஒரு கதை, நர்ஸம்மாவின் நடையைப் பற்றி ஒரு கதை. கடைசியாகப் பார்த்த அன்று கதை எதுவும் இல்லை. உதடு காய்ந்திருந்தது.

"அவ என்னதான்டி சொல்லிருப்பா?"

"தெரியலையே."

"என்னைக்காவது அந்தப் படம் கடைக்கு வரும். வந்தா நீ வாங்கு. என்ன சொன்னான்னு பாரு. பாத்துட்டு எங்கம்மாட்டப் போயிச் சொல்லு. அப்புறம் நம்மத ஒடச்சிரு."

"தமிழு போயிருமே."

"போகட்டும். விதின்னா விதிதான். எனக்குன்னா மட்டும் மயிலத் திருப்பிப் போட்டுக்கிடவா?"

நீ போன பிறகு வந்த அந்தப் படத்தை நேற்று வாங்கினாலும், நான் தனியாகப் பார்க்கவில்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உன் அம்மாவுக்கு முன்னால் நான் மட்டும் தெரிந்துகொள்வது சரியாகப் படவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே போனேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். முழுப் படமும் பார்த்தோம். சுத்தமான படம். நம் தட்டில் கறுப்பாக இருந்த மூலைகளிலெல்லாம் ஏதேதோ இருந்தன. அவள் அடுப்புக்குப் பின்னால் ஒரு பூனை இருக்கிறது, தெரியுமா? நாம் பார்த்ததே இல்லை. கீழே இங்கிலீஷ் ஓடியது. நான் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. அம்மா உன் வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசிக் காட்சி. அவள் எழுந்து உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். அம்மா வழக்கம்போல, "நேரமாச்சு, எந்திரிங்க" என்றார். நான் கீழே வந்த இங்கிலீஷைப் படித்தேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் படித்தேன்.

"என்னத்தா போட்டிருக்கு?"

"'இன்னிக்கு நான் கொஞ்சம் தூங்குறேன்'னு சொல்லுறாம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். "தூங்கப் போறேன்னா சொல்லுறா?"

"ஆமா."

"சொல்லிட்டு?"

மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தட்டில் அதற்குப் பிறகும் ஒரு கண நேரம் படம் இருந்தது. நம் தட்டில் அது வெட்டுப்பட்டிருந்தது. அவள் மெதுவாகச் சாய்ந்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறாள்.

அம்மா டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "அடிப் பாவி. நம்ம ஒருத்திக்கும் இது தோணலையே. வாசிச்ச அம்புட்டுப் பொம்பளையில ஒருத்திக்கும் தோணல பாரு" என்றார். பிறகு சிரித்தார். "தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட எழுந்து போனார். அடுப்படியிலிருந்து கேட்டார். "இந்தப் புதுசுல எம்மக எழுத்து வருமா?"

"வராதும்மா. இங்கிலீஷ் மட்டும்தான்."

காப்பி டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் விதியை யோசித்துக்கொண்டு வந்தேன். கடையில் கிடைத்தால் உடைக்க வேண்டும். கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்துவிட்டது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த, மதுரைக்குப் போய்க் கடையில் நுழையப் பழகிய எனக்கு. உன் தெருவுக்குக் கிடைத்துவிட்டதா? நாம் விதி போட்டபோது 'கிடைப்பது' என்றால் என்ன என்று நீயும் நானும் பேசவே இல்லை. இன்னொரு பக்கம், ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிட்டதால் இன்னொன்றைக் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? கோபமில்லாமல் கேட்டாரே அந்தச் சிடி கடை அண்ணாச்சி, "நீ யாருகிட்டத் தாயி கேட்டே?" அவர் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ்தான் நடக்கிறது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

வழியில் அச்சகத்தில் இறங்கினேன், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் காவலாளி என்னை உள்ளே விட்டார். உன் கம்ப்யூட்டர் இன்னும் அதே மூலையில் இருக்கிறது. நீ தமிழ் வரிகளைப் போட்ட ஃபைலை, யாரும் திறந்துவிடக் கூடாதென்று ஏதோ லேபிள் வேலைபோல 'மயில்' என்று பெயரிட்டு வைத்திருந்தாயே, அதுவும் இருக்கிறது. திறந்தேன். கடைசி வரிக்குப் போனேன். நீ போட்டதை எடுத்துவிட்டு, அதே குண்டு எழுத்தில், மஞ்சளில், சிவப்பு விளிம்போடு அவள் சொன்னதைப் போட்டேன். 'இன்னிக்குக் கொஞ்சம் தூங்கிக்கிடுதேன்.' அம்மாவின் விரல் ஓடும் வேகத்துக்கு எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரே ஒரு தட்டு எழுதிப் பைக்குள் வைத்தேன். அம்மாவுக்கு. வேறு யாருக்கும் இல்லை.

பழையது இதோ மேசையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் முழங்காலில் வைத்து உடைக்கப்போகிறேன். நீ சொன்னபடிதான். ஆனால் அதற்குள் புதிதாக ஒன்றைச் செய்து வைத்துவிட்டேன், பார்த்தாயா? உனக்காக மட்டும் மயிலைத் திருப்பிப் போட மாட்டேன் என்றாய். நான் உனக்காகப் போட்டுவிட்டேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் கை கழுவாமல் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்லியிருப்பாய். இப்போதெல்லாம் யாராவது சாம்பிள் பெட்டியை என் மேசையில் வைத்தால், "இத மொதல்ல வரஞ்சது யாரு?" என்று கேட்கிறேன். பேசவே வராத நான் கேட்கிறேன். சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும், "தெரியலையே, கேட்டுச் சொல்லுதேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

நாளை காலை விடியும் முன் உங்கள் தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும். அம்மா எழுந்து போவார். அவருக்குப் போகாமல் இருக்க முடியாது. சாயங்காலம் அவர் திரும்பும்போது புதுத் தட்டோடு நான் வாசலில் இருப்பேன். அவர் பசை காய்ந்த விரலைத் திரையில் வைத்து உன் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுவார்.

நேரமாகவில்லை. நீ எழுந்திருக்க வேண்டாம்.